யாருக்காக வளைவது?

சீனாவில் விற்கும் சில ஐபோன்களில் 2018 முதல் இரண்டு சிம் அட்டைகளைச் செருகலாம். அங்குள்ள மக்களுக்கு அது தேவைப்பட்டது, ஆப்பிள் கொடுத்தது. சந்தைக்கேற்ப மாறுவதென்றால் இப்படித்தான் மாற வேண்டும். ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில், சீனப் பயனாளர்களின் ஐகிளவுட் கணக்குகள் குய்சோ மாகாண அரசின் பின்புலம் கொண்ட நிறுவனத்தின் பொறுப்புக்குப் போயின. மறையாக்கச் சாவிகளும் சீனாவிலேயே வைக்கப்பட்டன. இணையத் தடையைத் தாண்ட உதவிய விபிஎன் செயலிகள் பல 2017லேயே அங்குள்ள ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டிருந்தன. என்னை அதிகம் உறுத்துவது ஏர்டிராப் விவகாரம். இணையமே இல்லாமல் பக்கத்திலிருக்கும் போனுக்குப் படம் அனுப்பும் அந்த வசதியைக் கொண்டு சிலர் அரசை எதிர்க்கும் துண்டறிக்கைகளைப் பரப்பினார்கள். 2022 நவம்பரில், யாரிடமிருந்தும் பெறலாம் என்ற தேர்வை ஆப்பிள் பத்து நிமிடமாகச் சுருக்கியது. பிற்பாடு உலகெங்கும் அதே விதி வந்தது உண்மை. ஆனால் முதலில் வந்தது சீனாவில்.

அந்தந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறோம் என்பது நிறுவனத்தின் பதில். ஐபோன்களில் பெரும்பகுதி அங்கே தயாராகும்போது மறுத்துப் பேசுவது கடினம்தான். ஆனாலும் தனியுரிமையை மனித உரிமை என்று உலகெங்கும் சொல்லி விற்கும் நிறுவனம், அந்த உரிமை எந்த நாட்டில் எவ்வளவு குறையும் என்பதையும் போனை விற்கும்போதே வாங்குபவரிடம் சொல்ல வேண்டும்.