பட்டம் வரும், புத்தகம் வராது

பல்கலைக்கழக நூலகங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மூன்று விஷயங்களைத் தவறாமல் எழுதிவிடுவார்கள்: கட்டடம் எப்போது எழுந்தது, யார் திறந்துவைத்தார், எத்தனை லட்சம் புத்தகங்கள் இருக்கின்றன. மாலை ஐந்து மணிக்குப் பாதி படித்த பக்கத்தை மூடிவிட்டு எழுந்து போனவள் யார் என்பதை எவரும் எழுதுவதில்லை. பெண்களைப் பொறுத்தவரை நூலகத்தின் வரலாறு அந்த ஐந்து மணியில்தான் இருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். 1857இல் அது தொடங்கியபோது, தேர்வு நடத்திப் பட்டம் கொடுப்பதுதான் அதன் வேலை. பாடம் நடத்துவது கல்லூரிகளின் பாடு, புத்தகம் தேடுவது மாணவர்களின் பாடு. நூலகம் என்று ஒன்று வர 1907 ஆயிற்று. அதுவும் பல ஆண்டுகள் கன்னிமாரா நூலகத்தில் ஒண்டுக்குடித்தனம். 1924இல் கணிதப் பேராசிரியர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகரானார். பூட்டிய அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். 1936இல் சேப்பாக்கத்தில் சொந்தக் கட்டடம் கிடைத்தது.

ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் உலகமெங்கும் பாடமாயின. ஒவ்வொருவருக்கும் அவரவர்க்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாம் விதியின் சாரம். அதை விளக்கும்போது அவர் பெண்களைப் பற்றியும் கிராமத்து மக்களைப் பற்றியும் தனித்தனியே எடுத்துப் பேசுகிறார். அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். ஆகவே கிராமத்துப் பெண்ணுக்குப் புத்தகம் போய்ச் சேர வேண்டும் என்பது நேற்று முளைத்த பெண்ணியக் கோரிக்கை அல்ல. நூலக அறிவியல் இந்த மண்ணில் வேர்விட்டபோதே அதனுடன் பிறந்த கோரிக்கை அது.

இனி அம்மையார்குப்பத்துக்கு வாருங்கள். சென்னையிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், திருத்தணிக்கு அப்பால், ஆந்திர எல்லையோரம் இருக்கும் நெசவாளர் ஊர். திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்தது. மாநிலத்தின் எல்லை நகர்ந்தது. நூலகத்தின் எல்லை மட்டும் சேப்பாக்கத்திலேயே நின்றுவிட்டது. திருத்தணி அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் நெசவாளர் வீட்டுப் பெண்ணின் பட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்கும். அந்தப் பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்குள் ஒருமுறையாவது கால்வைத்தாளா என்று யாரும் கேட்பதில்லை. 1857இல் போட்ட ஏற்பாடு இன்னும் அப்படியே இருக்கிறது. பட்டம் வரும், புத்தகம் வராது.

திருத்தணியில் பிறந்தவர்தான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1948இல் அவர் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, பல்கலைக்கழகத்தின் இதயமாக நூலகத்தைக் கண்டது. பெண்கள் படிக்காமல் நாடு படித்ததாகாது என்றும் ஒப்புக்கொண்டது. ஆனால் பெண்களுக்குப் பொருத்தமான படிப்புகள் எவை என்று வந்தபோது மனையியல், செவிலியம், ஆசிரியப் பணி, நுண்கலை என்று அடுக்கியது. இதயத்தைக் காட்டிவிட்டு அடுக்களைக்கு வழி சொல்கிற இந்தப் பழக்கம் ஒரு குழுவோடு முடியவில்லை.

2014இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் நடந்தது நினைவிருக்கும். மகளிர் கல்லூரியின் இளங்கலை மாணவியருக்கு மௌலானா ஆசாத் நூலகத்தில் இடமில்லை. பெண்கள் வந்தால் ஆண்களின் கூட்டம் நான்கு மடங்காகும் என்றார் துணைவேந்தர். கூட்டம் கூடுவது ஆண்கள், வெளியே நிற்க வேண்டியது பெண்கள்! அலகாபாத் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் கதவு திறந்தது.

நம் ஊரில் அப்படி யாரும் ஆணை போடுவதில்லை. தேவையும் இல்லை. அந்த வேலையைக் கடிகாரமே பார்த்துக்கொள்கிறது. வகுப்பு முடியும் நேரம், நூலகம் பூட்டும் நேரம், ஊருக்குப் பஸ் புறப்படும் நேரம் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டியே வரும். விடுதிப் பெண்ணுக்கு ஆறு மணிக்கு வருகைப் பதிவு. பையன்களின் விடுதியில் அதே ஆறு மணி சும்மா கடந்துபோகும். பிறகு நாமே சொல்கிறோம்: "பொண்ணுங்க லைப்ரரி பக்கமே வர்றதில்லை."

2021இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தது. அதன்பின் பேருந்துகளில் யார் நிறைந்தார்கள் என்று பார்த்தோம். தடையை எடுத்தால் பெண்கள் வருவார்கள். வராதவர்களைக் குறைசொல்லும் முன் தடையை எடுங்கள்.

"எல்லாம்தான் போனில் இருக்கிறதே" என்பது இன்னொரு சமாதானம். வீட்டில் அந்தப் போன் யார் கையில் இருக்கிறது என்று மாணவிகளைக் கேட்டுப் பாருங்கள். அது அண்ணனுடையதாக இருக்கும், அல்லது இரவு ஒன்பது மணிக்குமேல்தான் இவள் கைக்கு வரும். நூலகம் தருவது புத்தகம் மட்டுமல்ல. "ஒரு டம்ளர் தண்ணி கொண்டா" என்று யாரும் கூப்பிடாத ஒரு நாற்காலியையும் அது தருகிறது. அந்த நாற்காலியை எந்தப் பிடிஎஃப்பிலும் இறக்கிக்கொள்ள முடியாது.

தமிழில் நூல் என்றால் இழையும்தான், புத்தகமும்தான். நன்னூல் புலவனை நூல் நூற்கும் பெண்ணுக்கு ஒப்பிடுகிறது. இலக்கணத்தில் அவளுக்கு உவமையாக இடம் உண்டு. நூலகத்தில் வாசகியாக இடம் எங்கே? தறி வீடுகளில் தார் சுற்றும் பெண்களின் கை ஓடினால்தான் தறி ஓடும். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழியாக, அந்த வீடுகள் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகின்றன. அந்தப் பணம் பொது நூலகத்துக்குத்தான் போகிறது, பல்கலைக்கழகத்துக்கு அல்ல என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரி. வரி கட்டும் வீட்டுப் பெண் தேர்வுக் கட்டணமும் கட்டுகிறாளே, அதற்குப் பதிலாகப் பல்கலைக்கழகம் அவளுக்குத் தந்த புத்தகம் எது?

நாம் கேட்பது அதிகமில்லை. இணைவுக் கல்லூரி மாணவி ஒவ்வொருத்திக்கும் பல்கலைக்கழக நூலக அட்டை. அவள் கேட்ட புத்தகத்தைக் கல்லூரிக்கே கொண்டுவரும் வண்டி. கால அட்டவணைக்குள் ஒரு நூலக நேரம். இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும் வாசிப்பறை, அங்கே தண்ணீர் வரும் கழிப்பறை, அதன்பிறகு ஊருக்குப் போக ஒரு பஸ். விடுதியின் ஆறு மணி, இருபாலருக்கும் ஒரே ஆறு மணி.

1931இல் மாட்டுவண்டிக்குத் தெரிந்த வழி இன்றைய துணைவேந்தர்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரியாது என்றால், தோழிகளே, ஐந்து மணி அடித்ததும் எழுந்திருக்காதீர்கள். நாற்காலியிலேயே இருங்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள்.