கோடு போடு... கலர் ஓடட்டும்!

சிம்போசியம் சீஸன் வந்தாச்சுன்னா, ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் ஒரு ஜீவன் மட்டும் தூங்காது. 'மச்சி, உனக்குத்தான் டிசைன் தெரியுமே'ன்னு மொத்த கிளாஸும் சேர்ந்து போஸ்டர் வேலையைத் தலையில் கட்டிவிட்ட அப்பாவி ஜீவன். இந்த வாரம் முழுக்க அவருக்கே சமர்ப்பணம்!

அவரிடம் எல்லோரும் கேட்பது ஒண்ணே ஒண்ணுதான். ஒரே கோடு... ஆரம்பத்தில் மஞ்சள், நடுவில் சிவப்பு, முடிவில் ஊதான்னு வழுக்கிக்கிட்டே போகணும். டெக்னிக்கல் பெயர், கிரேடியன்ட் ஸ்ட்ரோக். 2016-ல் இன்ஸ்டாகிராம் லோகோவே கலர் கலவைக்கு மாறிடுச்சு, நம்ம டிபார்ட்மென்ட் லோகோ மட்டும் சும்மா இருக்குமா?

மூணு பட்டன் மேஜிக்

அடோபி இல்லஸ்ட்ரேட்டரில் கோட்டுக்கு நேரடியாக கிரேடியன்ட் கொடுக்கும் வசதி, 2012-ல் சிஎஸ்6 வந்தபோதுதான் கிடைத்தது. இப்போ ரொம்ப ஈஸி. கோடு வரைந்து தடிமனை 20 பாயின்ட்டுக்கு ஏத்துங்க. மெல்லிசா இருந்தா கலர் மாறுவதே தெரியாது. கிரேடியன்ட் பேனலில் ஃபில்லை விட்டுட்டு ஸ்ட்ரோக்கை செலக்ட் பண்ணுங்க. ஸ்லைடருக்குக் கீழே க்ளிக் செய்தால் புதுக் கலர் சேரும். வேண்டாத கலரை வெளியே இழுத்துப் போட்டால் போயே போச்சு!

அங்கேயே மூணு குட்டி பட்டன் இருக்கும். 'வித்தின்' என்பது தெருவில் விழும் வெயில் மாதிரி. கோடு எப்படி வளைந்தாலும் இடப்பக்கம் ஒரு கலர், வலப்பக்கம் இன்னொரு கலர். 'அலாங்' என்பது தேர் மாதிரி. கோடு வளையுற பக்கமெல்லாம் கலரும் கூடவே வளைந்து போகும். 'அக்ராஸ்' என்பது சேலைக் கரை மாதிரி. கோட்டின் அகலத்துக்குள்ளேயே கலர் கலராப் பட்டை ஓடும். நீங்க தேடினது அநேகமா நடுவில் உள்ளவர்தான்!

பைப் மாதிரி உருண்டையா வேணுமா?

அதுக்கு பிளெண்ட் இருக்கு. மூணு நாலு குட்டி வட்டம் போட்டு, ஓரக்கோடு இல்லாமல் ஆளுக்கொரு கலர் கொடுங்க. வட்டத்துக்குள்ளேயே கிரேடியன்ட் கொடுத்தால் உருண்டை எஃபெக்ட் கிடைக்கும். எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஆப்ஜெக்ட் மெனுவில் பிளெண்ட், மேக். பிளெண்ட் ஆப்ஷன்ஸில் ஸ்டெப்ஸ் எண்ணிக்கையை 200, 300-ன்னு ஏத்துங்க. அடுத்து உங்க எழுத்தை ஒரே கோட்டில் வரைந்து, ரெண்டையும் சேர்த்து செலக்ட் பண்ணி 'ரீப்ளேஸ் ஸ்பைன்' கொடுத்தால், வட்டங்கள் வரிசைகட்டி கோட்டின் மேல் ஏறிடும். மூடிய வட்டப் பாதையாக இருந்தால், முதலில் சிஸர்ஸால் ஓரிடத்தில் வெட்டிடுங்க. அப்போதான் கலர் முழுசாச் சுத்தி வரும்.

காசு இல்லையா? கவலை இல்லை!

கிராக் வெர்ஷன் தேடி ஹாஸ்டல் லேப்டாப்புக்கெல்லாம் வைரஸ் பரப்ப வேண்டாம் பாஸ். 2003-ல் பிறந்த இங்க்ஸ்கேப் முழுக்க இலவசம். ஃபில் அண்ட் ஸ்ட்ரோக்கில் 'ஸ்ட்ரோக் பெயின்ட்' போய் லீனியர் கிரேடியன்ட் கொடுங்க. கிரேடியன்ட் டூலை எடுத்து, தெரியும் கோட்டில் டபுள் க்ளிக் பண்ணினால் புதுக் கலர் சேரும். ஒரே குறை... அது நம்பியிருக்கும் எஸ்விஜி ஃபார்மட்டில் 'அலாங்' சமாச்சாரமே கிடையாது. அதனால் வளைவை நாலைந்து துண்டாக்கி, ஒரு துண்டு முடியும் கலரிலேயே அடுத்த துண்டை ஆரம்பிங்க. பொறுமை வேணும், ஆனா ரிசல்ட் சூப்பர்!

நடுவில் ஏன் அழுக்கு?

நீலமும் மஞ்சளும் பளிச்சுன்னு இருக்கு, கலந்த இடம் மட்டும் சாம்பல் பூத்திருக்கா? சாஃப்ட்வேரைத் திட்டாதீங்க, கணக்கு போடுங்க. நீலம் 0, 0, 255. மஞ்சள் 255, 255, 0. ரெண்டுக்கும் சராசரி எடுத்தால் மூணு எண்ணும் சுமார் 128. அதாவது, அக்மார்க் சாம்பல்! நடுவில் ஒரு பச்சையோ பிங்க்கோ வெச்சுட்டா பிரச்னை தீர்ந்தது. சிவப்பும் பச்சையும் சேர்ந்தாலும் இதே கதை. இடையில் மஞ்சளைக் குடியேத்துங்க.

ஜெராக்ஸ் டெஸ்ட்!

கடைசியா, முக்கியமான மேட்டர். உங்க போஸ்டர் மானிட்டரில் மட்டும் வாழப்போவதில்லை. யாரோ அதை ஜெராக்ஸ் எடுத்து வேற காலேஜ் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவாங்க. மஞ்சள் அதில் காணாமல் போகும். ரிஜிஸ்ட்ரேஷன் கடைசித் தேதியை மஞ்சள் கிரேடியன்ட்டில் எழுதியிருந்தீங்கன்னா, பேப்பர் பிரசன்ட் பண்ணத் தயாரா இருந்த ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பியோ தங்கச்சியோ அந்தத் தேதியைத் தவறவிடலாம். அதனால பிரின்ட்டுக்கு முன்னாடி ஒரு தடவை கறுப்பு-வெள்ளையில் மாத்திப் பாருங்க. தேதி, இடம், போன் நம்பர் மூணும் ஒரே அடர் கலரில் இருக்கட்டும். கலர் விளையாட்டெல்லாம் தலைப்போட நிக்கட்டும்.

அந்த பிரின்ட் கடையில் கோரல்ட்ரா மட்டும்தான் இருக்கலாம். ஒரிஜினல் ஃபைலை நீட்டாமல், பிடிஎஃப்-ஆக மாத்தி, ஒரு காப்பி அடிச்சுப் பார்த்துட்டு மிச்சத்தைச் சொல்லுங்க. திரையில் மின்னுற ஊதா பேப்பரில் கொஞ்சம் டல்லாத்தான் விழும். அதை 500 காப்பி அடிச்ச பிறகு கண்டுபிடிச்சா, ட்ரெஷரர் உங்களைத் தேடி ஹாஸ்டலுக்கே வந்துடுவார்!

அடுத்த வாரம்: தமிழ் ஃபான்ட் ஏன் கட்டம் கட்டமா மாறுது? ரெடியா இருங்க மக்களே!