சிவப்புச் சில்லின் மேல் போட்ட பழி

"எந்திரன்" திரைப்படத்தைப் பற்றிச் சங்க மலரில் எழுதுவதா என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் உளர். ஏட்டில் இருப்பதே இலக்கியம், திரைப்படம் என்பது கட்டவுட்டுக்குப் பாலூற்றும் திருவிழா என்று இரண்டுக்கும் நடுவே அவர்கள் சுவரெழுப்பி நெடுநாளாயிற்று. அப்படத்தைப் பத்து முறை பார்த்தும், இயந்திர மனிதர்கள் பந்தாய்த் திரண்டு உருண்டதையும் பாம்பாய் நெளிந்ததையும் மட்டுமே நினைவில் வைத்திருக்கும் அன்பர்களும் உளர். இரு சாராரோடும் நமக்கு வழக்கு உண்டு.

பெங்களூர்த் தமிழராகிய நமக்கு இவ்வழக்கைத் தொடுக்கச் சற்றுக் கூடுதல் உரிமையும் உண்டு. 1950இல் இவ்வூரில் பிறந்து, நகரப் பேருந்தில் நடத்துநராய்ச் சீட்டுக் கிழித்தவர் ரஜினிகாந்த். அவருக்கு அப்படத்தில் உரையாடல் எழுதியவருள் ஒருவரான சுஜாதாவோ, இங்கே பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பல்லாண்டு பொறியாளராய் இருந்தவர். வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். படம் வெளிவருமுன்பே, 2008 பிப்ரவரியில் அவர் மறைந்தார்.

அந்தச் சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர் "என் இனிய இயந்திரா". நாம் வாழும் இந்த 2020களை அன்றே கற்பனை செய்த கதை அது. பிள்ளை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி வேண்டும். மக்களின் பெயர்கள் ஓரிரண்டு எழுத்துகளாய்க் குறுகிவிடும். ஜீவா என்னும் தலைவனைப் போற்றாத வாய் இராது. அக்கதையில் மனிதரினும் ஈரமுள்ளது ஜீனோ என்னும் இயந்திர நாய்தான். கொடுமை இயந்திரத்தில் இல்லை. அதை ஏவும் ஆட்சியில், ஆளை எண்ணாக்கிப் பார்க்கும் கண்ணில் இருந்தது.

இந்த அச்சம் திரைக்கு வந்ததா? வரவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு. இயக்குநர் ஷங்கரின் படத்தில் கேடெல்லாம் பேராசிரியர் போரா செருகிய ஒரு சிவப்புச் சில்லில் அடங்கிவிடுகிறது. சில்லைப் பிடுங்கினால் சிட்டி மீண்டும் நல்லவன். எவ்வளவு வசதியான முடிவு! 2018இல் வந்த "2.0" இன்னும் ஒரு படி இறங்கிற்று. கைபேசிக் கோபுரங்களால் பறவைகள் மடிகின்றன என்று மன்றாடித் தோற்ற முதியவரை ஆவியாக்கி, அவரையே அழிக்க வேண்டிய பகையாக்கிக் காட்டியது. கேள்வி கேட்டவர் பேயானார், கோபுரங்கள் தப்பின.

எந்திரன் வெளியான நாள் 2010 அக்டோபர் 1. அதற்கு இரண்டே நாள் முன்பு, செப்டம்பர் 29 அன்று, மகாராட்டிரத்தின் தெம்ப்ளி என்னும் சிற்றூரில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. அந்தப் பன்னிரண்டு இலக்கங்களின் தொழில்நுட்ப மையம் நம் பெங்களூரில்தான். ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு ஓர் அடையாளச் சான்றின் அருமை தெரியும்; அதை இகழ்வது நம் நோக்கமன்று. ஆனால் உழைத்துத் தேய்ந்த விரலைக் கருவி ஏற்காதபோது, ரேஷன் கடை வாசலில் நிற்கும் கிழவிக்கு என்ன மறுமொழி? சுஜாதாவின் வழியில் எடுத்திருக்க வேண்டிய படம் அதுவன்றோ! சிவப்புச் சில்லைக் கண்டு நடுங்கக் கற்ற நாம், அந்தக் கிழவியின் முன் வாளாவிருக்கிறோம்.

படத்தை முற்றும் தள்ளிவிடவும் மனமில்லை. அதில் ஒரு காட்சி உண்டு. தீப்பற்றிய குடியிருப்பில் குளித்துக்கொண்டிருந்த இளம்பெண்ணைச் சிட்டி அவ்வண்ணமே தூக்கிவந்து ஊரார் முன் நிறுத்துகிறது. உயிரைக் காப்பது அதற்கிட்ட கட்டளை. அதைச் செம்மையாய்ச் செய்தது. ஒளிப்படக் கருவிகள் அவளை நோக்கித் திரும்புகின்றன. நாணம் தாளாமல் ஓடியவள் வண்டியில் அடிபட்டு மாள்கிறாள். சில்லும் இல்லை, போராவின் கையும் இல்லை. கட்டளையிட்டவனின் அறியாமையும், படம்பிடித்தவர்களின் ஆசையும், வேடிக்கை பார்த்த கூட்டமும் சேர்ந்து செய்த கொலை அது. அந்தச் சில நிமிடங்களில் சுஜாதாவின் பழைய தொடர் உயிர்த்தெழுகிறது. அதன்பின் படம் காதலுக்குப் போய்விடுகிறது.

இறுதியில் நீதிமன்றம் கூடுகிறது. சிட்டியைப் பிரித்துப்போடுமாறு தீர்ப்பு. 2030இல் அது அருங்காட்சியகத்துப் பொருள். அந்தப் பெண்ணைப் படம்பிடித்தவர்களில் ஒருவரையும் கூண்டில் ஏற்றியதாகப் படம் காட்டவில்லை.