சேவலைக் குறை சொல்லும் முன் கூரையைப் பாருங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் ஒரே புலம்பலைக் கேட்கிறேன். "பன்னிரண்டு முட்டை அடை வச்சேன் சார், நாலுதான் பொரிச்சுது. மிச்சமெல்லாம் கூமுட்டை." அடுத்த பேச்சு பெரும்பாலும் சேவலைப் பற்றியதாக இருக்கும். சேவலுக்கு வயதாகிவிட்டது, வேறு வாங்க வேண்டும் என்பார்கள். வாங்கியும் விடுவார்கள். அடுத்த அடையிலும் அதே கதைதான்.

நான் பயிரைப் படித்தவன். கால்நடை மருத்துவன் அல்ல. ஆனால் வெயில், காற்று, ஈரம் மூன்றும் ஓர் உயிரை என்ன செய்யும் என்று பார்ப்பதே உழவியல். அந்தக் கண்ணோடு பார்த்தால், பல வீடுகளில் குற்றவாளி கொட்டகையின் கூரை.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். சுற்றுப்புறம் 30 டிகிரியைத் தாண்டினால் தீவனம் எடுப்பது குறைகிறது. 35ஐ நெருங்கும்போது வாயைத் திறந்து இரைக்கிறது. இரைக்க இரைக்க ரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால், ஓட்டில் சுண்ணாம்புச் சத்து சரியாகப் படிவதில்லை. மெலிந்த ஓடுள்ள முட்டை அடையில் ஈரத்தை இழக்கும், எளிதில் விரியும். சேவலின் விந்துத் தரமும் வெயிலில் குறைகிறது. புதுச் சேவலை அதே தகரத்தின் கீழ் விட்டால் அதற்கும் அதே கதிதான்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையும் பலாவும் சாய்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நிழலில் இருந்த கொட்டகைகள் வெட்டவெளிக்கு வந்தன. கீற்றுக்கு அலைந்து சலித்துத் தகரத்துக்கும் சிமென்ட் ஷீட்டுக்கும் மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். கீற்றை அடிக்கடி மாற்ற வேண்டும், தகரத்துக்கு அந்தச் செலவு இல்லை என்ற கணக்கு தவறல்ல. தகரத்தைப் பிரிக்கவும் வேண்டாம். அதன் மேல் கீற்றோ சோளத்தட்டையோ பரப்பிக் கட்டுங்கள். முடியாவிட்டால் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கும்படி பாருங்கள். அகலம் 20 அடிக்குள் இருந்தால் காற்று ஊடுருவும். பக்கச்சுவர் ஓர் அடி போதும், மேலே கம்பிவலை. கூரை மூன்றடி வெளியே நீண்டிருக்கட்டும். மேற்குப் பக்கம் அகத்தியோ முருங்கையோ நட்டால் நிழலோடு தழையும் கிடைக்கும்.

ஈரச் சாக்கு எல்லா ஊருக்கும் பொருந்தாது. விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல் பக்கம் நண்பகல் காற்று வறண்டிருப்பதால் நன்கு குளிர்விக்கும். கடலோர மணமேல்குடியில் காற்றிலேயே ஈரம் உண்டு. அங்கே காற்றோட்டம்தான் கைகொடுக்கும். எங்கேயானாலும் தரையில் பரப்பிய கடலைத்தோல் நனையக் கூடாது. நனைந்தால் ரத்தக் கழிச்சல் வரும். கோடையில் கோழி தீவனத்தைப் போல நான்கு மடங்கு வரை தண்ணீர் குடிக்கும். மாடியில் காயும் கறுப்புத் தொட்டித் தண்ணீர் அதற்கு ஆகாது. தீவனத்தை அதிகாலையிலும் மாலையிலும் வையுங்கள். உச்சி வேளையில் தின்றால் செரிமானச் சூடும் சேர்ந்துகொள்ளும்.

கொட்டகையைச் சரிசெய்தும் குஞ்சு குறைந்தால், முட்டையை எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். சுமார் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கரு உறங்கும். அடுப்பங்கரைப் பரணில் 35 டிகிரியில் அது பாதி விழித்து, வளர முடியாமல் சாகும். நம் பாட்டிமார் மண்சட்டியில் மணல் பரப்பி, நீர் தெளித்து, அதன்மேல் சிறு சட்டியில் முட்டையை வைத்தது வீண் வேலையல்ல. கூர்முனை கீழே இருக்கட்டும். கோடையில் ஐந்து நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள்.

ஏழாம் நாள் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். ரத்த வளையம் தெரிந்தால் கரு உருவாகி இறந்திருக்கிறது. சேவல் தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள். ஒன்றுமில்லாமல் தெளிவாக இருந்தால் மட்டும் சேவலைச் சந்தேகியுங்கள், அப்போதும் வெயிலையும் சேர்த்து.

250 நாட்டுக்கோழி வளர்க்க அரசு 50 சதவீத மானியம் தருகிறது. கொட்டகைக்கு 625 சதுர அடி இடம் கேட்கிறது. ஒரு கோழிக்கு இரண்டரை சதுர அடி, நல்ல கணக்குதான். ஆனால் சதுர அடியை அளக்கும் நாடா கூரையின் சூட்டை அளப்பதில்லை. மதிப்பீட்டில் கீற்றுப் போர்வைக்கும் சுண்ணாம்புக்கும் நிழல் மரக்கன்றுக்கும் ஒரு வரி ஒதுக்கினால் என்ன? ஆய்வுக்கு வரும் அலுவலர்கள் காலை பத்து மணிக்கு வராமல், கத்திரியில் ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு வரட்டும். உள்ளே பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.