வீலர் தோண்டியதும் பெக்லி படித்ததும்

‘காபி குடித்தால் ஆயுள் கூடும்: ஆய்வில் தகவல்’. இந்த வாரம் என்னை எரிச்சலூட்டிய தலைப்பு இது. யார் செய்த ஆய்வு, எத்தனை பேரிடம் செய்தார்கள், எந்த இதழில் வந்தது? செய்தி முழுக்கத் தேடியும் ஒரு வரி இல்லை. கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் நண்பர்களிடம் இதைச் சொன்னால், “ஆராய்ச்சி பண்றவங்களுக்குத் தெரியாததா சார் நமக்குத் தெரியப்போவுது?” என்கிறார்கள்.

காபி கிடக்கட்டும். அந்தக் கேள்விக்கான பதில் நம் புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. மறுபடியும் அரிக்கமேடா என்று இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்கள் கேட்பீர்கள். ஆமாம், மறுபடியும் அரிக்கமேடுதான்.

1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே தோண்டினார். அறிக்கை மறு ஆண்டே ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழில் வந்தது. இத்தாலியில் செய்த அரிட்டைன் மட்பாண்ட ஓடுகள் கிடைத்திருந்தன. அவற்றின் காலம் ஐரோப்பாவில் முன்பே தெரிந்த ஒன்று. அதை ஆணியாக அடித்து, தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணக்கையே அதில் மாட்டினார் வீலர். எளிய மீனவர் குடியிருப்பாக இருந்த இடம் ரோம வணிகத்தால் துறைமுகமானது, சுமார் இருநூறு ஆண்டுகள் செழித்தது என்பது அவர் முடிவு. உட்புறம் வரிவரியாகப் புள்ளி ஓடும் ரௌலட்டட் தட்டுகளும் மத்தியதரைக் கடல் நாடுகளின் சரக்கு என்றே எண்ணினார். பிறகு வேறு எந்த ஊரில் அந்த ஓடு கிடைத்தாலும், அரிக்கமேட்டை வைத்தே அந்த ஊருக்கும் வயது சொன்னார்கள்.

1983இல் தொல்லியலாளர் விமலா பெக்லி ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஆர்க்கியாலஜி’யில் ஒரு கட்டுரை எழுதினார். எனக்கு மிகப் பிடித்த கட்டுரை அது. அப்போது அவர் அரிக்கமேட்டில் மண்வெட்டி பிடித்திருக்கவில்லை. வீலரின் அறிக்கையையும், அவருக்குப் பின் தோண்டிய ழான்-மரி காசால் 1949இல் பிரெஞ்சில் வெளியிட்ட நூலையும் ஊன்றிப் படித்தார், அவ்வளவுதான். எந்த ஓடு எந்த மண்ணடுக்கில் கிடந்தது, அதற்கும் கீழே என்ன இருந்தது என்று பார்த்தார். ரோமச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே வாழ்வு இருந்தது, ரௌலட்டட் தட்டு இந்தியாவில் வனைந்தது, அதன் தொடக்கம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு வரை போகும் என்று வாதிட்டார்.

ஓடு கிடைத்தது உண்மை. அது கிடந்த அடுக்கும் உண்மை. ரோமானியர் வரும்வரை இது வெறும் குப்பம் என்பது எந்த ஓட்டிலும் எழுதியிருக்கவில்லை. இங்கிலாந்தில் வெருலாமியம் என்ற ரோம நகரைத் தோண்டிப் பழகியவர் மனத்தோடு கொண்டுவந்தது அது. கட்டுரையாளர் கண்டதையும் கருதியதையும் பிரித்துப் பார்ப்பதற்குப் பட்டம் தேவையில்லை, பொறுமை போதும். வீலர் மீது எனக்கு மதிப்பு குறையவில்லை, கூடியது. தன் முடிவை மறுக்கத் தேவையான வரைபடங்களை, ஓட்டுச் சித்திரங்களைத் தன் அறிக்கையிலேயே அச்சிட்டுக் கொடுத்தவர் அவர். அந்தக் காபிச் செய்தியில் மறுத்துப் பேசப் பிடித்துக்கொள்ள ஒரு துரும்பாவது உண்டா?

பெக்லி பிறகு தோண்டவும் வந்தார்: 1989 முதல் 1992 வரை, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து. அந்த அறிக்கையின் இரண்டு தொகுதிகளை 1996இலும் 2004இலும் வெளியிட்டது, நம் துய்மா வீதியில் மையம் வைத்திருக்கும் தூரகிழக்கு பிரெஞ்சுப் பள்ளி.

பெக்லி சொல்லிவிட்டார் என்பதற்காக அவரையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 1997இல் விஷ்வாஸ் கோக்டே எக்ஸ்ரே சோதனைகளை வைத்து, ரௌலட்டட் தட்டுகளின் களிமண் வங்காளத்தின் சந்திரகேதுகர்–தாம்லுக் பகுதியைச் சேர்ந்தது என்று எழுதினார். அப்படியானால் நம் ஆற்றங்கரைக் குயவர்கள் என்ன வனைந்தார்கள்? அவர் சோதித்த ஓடுகள் எத்தனை, எந்தெந்த ஊர் மண்ணோடு ஒப்பிட்டார், காவிரி மண்ணும் அதில் இருந்ததா? அடுத்த வாரம் அந்தக் கட்டுரையை எடுத்துக்கொள்கிறேன்.