காகித வளையத்தின் ருசி

கியூபா முத்திரையைக் கண்டதும் கண் சொருகும் நண்பர்களே, நீங்கள் ருசிப்பது காகித வளையத்தை. நிக்கராகுவாவின் எஸ்தெலியில் சுற்றிய சுருட்டை மலிவென்று ஒதுக்குகிறீர்கள். 1959 புரட்சிக்குப்பின் கியூபாவிலிருந்து வெளியேறியவர்கள் விதையோடு போய்ப் பயிரிட்ட மண் அது. புலம்பெயர்ந்த பயிர் மட்டம் என்று நாமே சொல்வதா?

அதன் கனம், செடியின் உச்சியில் வெயில் குடித்துத் தடித்த ‘லிகேரோ’ இலையில் இருக்கிறது. மெதுவாக எரிவதால் அதை நடுவில் வைத்துச் சுற்றுவார்கள். எடுத்ததும் மிளகுக் காரம். பாதி தாண்டினால் கடுங்காப்பி, ஈரமண். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும், அவசரப்பட்டால் கசக்கும். மேலிலை கறுத்திருந்தாலே காரம் என்பதும் கதைதான். (நீங்கள் பெருமையாக உச்சரிக்கும் ‘செரூட்’, நம் சுருட்டிலிருந்து போன சொல்.)

அடுத்த விருந்தில் வளையங்களைக் கழற்றிவிட்டு இரண்டையும் நீட்டுகிறேன். எது கியூபா, சொல்லுங்கள்.