கொள்ளைக்கு எத்தனை பெயர்!



கடலில் போகிற கப்பலை மறித்து, ஆட்களை வெட்டி, சரக்கைப் பிடுங்கிக் கொள்ளுகிறவனுக்கு என்ன பெயர் என்று ஒரு குடியானவனைக் கேட்டால், திருடன் என்று ஒரே வார்த்தையில் சொல்லி விடுவான். படித்த ஐரோப்பியர்களுக்கு மாத்திரம் அது போதவில்லை. அரசாங்கத்தின் உத்தரவுச் சீட்டோடு எதிரி நாட்டுக் கப்பலை அடித்தால் "பிரைவேட்டீர்". மத்தியதரைக் கடலில் அடித்தால் "கோர்சேர்". மேற்கிந்தியத் தீவுகளில் ஸ்பெயின்காரனை அடித்தால் "புக்கனீர்". இந்தக் கடைசிப் பெயர், இறைச்சியைப் புகையில் வாட்டும் பரணின் பெயரிலிருந்து வந்ததாம். சீட்டு ஒன்றும் இல்லாதவன்தான் "பைரேட்", அதாவது தூக்கு மரத்துக்கு உரியவன்.

டிரேக் என்பவன் 1577 முதல் 1580 வரை உலகைச் சுற்றி ஸ்பெயின் கப்பல்களைக் கொள்ளையடித்து வந்தான். எலிசபெத் ராணிக்கும் பங்கு கிடைத்தது. 1581-ல் அவன் சர் பிரான்ஸிஸ் ஆகிவிட்டான். மார்கன் என்பவன் 1671-ல் பனாமா நகரத்தையே சூறையாடினான். 1674-ல் அவனுக்கும் சர் பட்டம், கூடவே ஜமெய்க்காவில் உதவிக் கவர்னர் உத்தியோகம்!

கடவுளும் இந்தத் தொழிலுக்குத் துணை. அல்ஜியர்ஸ் கோர்சேர்கள் அல்லாவின் பேரால் கிறிஸ்தவர்களைப் பிடித்து விற்றார்கள். மால்ட்டாத் தீவின் வீர சந்நியாசிகள் சிலுவைக் கொடி ஏற்றி முஸ்லிம்களைப் பிடித்து விற்றார்கள். அகப்பட்டவனுக்கு விலங்கு எந்த வேதத்தின்படி மாட்டப்பட்டால் என்ன?

நிற்க, நம் பக்கத்துக் கடலில் நடந்ததைப் பாருங்கள். போர்த்துக்கீசியர் யாரோ வந்தேறிகள். தங்களிடம் "கர்த்தாஸ்" என்னும் சீட்டு வாங்காமல் இந்தியக் கடலில் எந்தக் கப்பலும் போகக் கூடாது, போனால் பறிமுதல் என்றார்கள். இதற்குச் சட்டம் என்று பெயர்! இதை எதிர்த்துச் சண்டையிட்ட கள்ளிக்கோட்டைக் குஞ்ஞாலி மரைக்காயர்களுக்குக் கொள்ளைக்காரர் என்று பெயர். நான்காம் குஞ்ஞாலியை 1600-ல் கோவாவில் தலை வெட்டினார்கள். அவனைப் பிடிக்கச் சேர்ந்து முற்றுகை போட்டது அவன் எஜமானனான சாமூத்திரி ராஜாவேதான். இந்த வெட்கக்கேட்டையும் மறைக்க வேண்டியதில்லை.

சீட்டு வைத்திருந்தவனாவது தப்பினானா என்றால் அதுவும் இல்லை. கப்டன் கிட் 1696-ல் இங்கிலாந்து ராஜாவின் சீட்டோடு கொள்ளைக்காரரைப் பிடிக்கப் புறப்பட்டான். பணம் போட்டவர்கள் பெரிய பிரபுக்கள். ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு. 1698-ல் மலையாளக் கரைக்கு அப்பால் அவன் பிடித்த கப்பலில் மொகலாய தர்பார்ப் பிரமுகர் ஒருவரின் சரக்கும் இருந்தது. கம்பெனி வியாபாரத்துக்கு ஆபத்து வந்ததும் பிரபுக்கள் கையை உதறிக் கொண்டார்கள். கிட் உத்தமன் என்று நான் சொல்ல வரவில்லை. தன் கப்பல் பீரங்கிக்காரனை வாளியால் அடித்துக் கொன்றவன். ஆனால் பிடித்த கப்பல்களில் பிரெஞ்சுச் சீட்டு இருந்தது, ஆகையால் பிடித்தது சட்டப்படிதான் என்று அவன் கத்தினான். விசாரணையில் அந்தச் சீட்டுகள் "காணவில்லை". 1701-ல் அவனைத் தூக்கிலிட்டு, பிணத்தைத் தேம்ஸ் நதிக்கரையில் தொங்க விட்டார்கள். இருநூறு வருஷம் கழித்து அந்தப் பிரெஞ்சுச் சீட்டுகள் லண்டன் சர்க்கார் தஸ்தாவேஜுக் கட்டுக்குள்ளேயே அகப்பட்டன.